லைன் கட்டானா என்ன... வேலை கட்டாகாது!

இந்த வாரம் ஒரு சோகக் கதையோட ஆரம்பிக்கிறேன். கவலைப்படாதீங்க, முடிவு சுபம்தான்.

நம்ம ஊர் கண்ணமங்கலம். வேலூர்ல இருந்து திருவண்ணாமலை போற ரோட்டுல, ஜவ்வாது மலை பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ஊர். மலைக் காத்து சூப்பரா வரும். அதே மலையில மழை பிடிச்சா முதல்ல போறது கரண்ட், அடுத்தது இன்டர்நெட். இது ஊர்க்காரங்க எல்லாருக்கும் பழகிப்போன விஷயம். ஆனா என் தம்பிக்கு அன்னிக்குத்தான் உறைச்சுது.

தம்பி ஃபைனல் இயர். கையால எழுதின தமிழ் எழுத்தை கம்ப்யூட்டருக்குப் படிக்கக் கத்துக்கொடுக்கறதுதான் ப்ராஜெக்ட். அவன் லேப்டாப்புக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. அதனால வீட்டுல உட்கார்ந்துகிட்டே எஸ்.எஸ்.ஹெச். மூலமா காலேஜ் சர்வருக்குள்ள போய் ப்ரோக்ராமை ஓட விடுவான். மொத்தம் 11 மணி நேர வேலை. திங்கட்கிழமை காலையில ரிவ்யூ. சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு ஓட விட்டுட்டு நிம்மதியா தூங்கிட்டான்.

விடியற்காலை 4 மணிக்கு மழை. கரண்ட் போச்சு. மோடம் கண்ணை மூடிச்சு. கொஞ்ச நேரத்துல கரண்ட் திரும்பி வந்துடுச்சு. ஆனா காலையில எழுந்து பார்த்தா ஸ்கிரீன்ல ‘ப்ரோக்கன் பைப்’னு ஒத்தை வரி. திரும்ப சர்வருக்குள்ள போனான். ப்ரோக்ராமும் இல்ல, ரிசல்ட்டும் இல்ல. அம்மா வெச்ச காபி ஆடை படிஞ்சு ஆறிப்போச்சு. பையன் தொடவே இல்ல.

அப்புறம் என்கிட்ட வந்து ஒரு கேள்வி கேட்டான் பாருங்க: “அண்ணா, கரண்ட் போனது நம்ம வீட்டுலதானே? சர்வர்ல போகலையே? அது ஏன் நிக்கணும்?”

நியாயமான கேள்வி! இந்த வார மேட்டரே இதுதான்.

தறியைப் பாருங்க, புரியும்

நம்ம ஆரணிப் பக்கம் பட்டு நெய்யற வீட்டைப் பார்த்திருப்பீங்க. நெசவாளர் சாப்பிட எழுந்து போனா தறியில கட்டின பாவு அப்படியே இருக்கும். அரை மணி கழிச்சு வந்து, விட்ட இழையில இருந்து தொடருவார். ஆளு எழுந்ததுமே பாவை அறுத்து எறியற தறி ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்? வெறும் எஸ்.எஸ்.ஹெச்.ல வேலை பார்க்கறது அந்த மாதிரி தறியில உட்கார்ற கதைதான்.

நீங்க உள்ளே நுழைஞ்சதும் சர்வர் உங்களுக்குன்னு ஒரு டெர்மினலைத் திறக்குது. நீங்க ஓட விடற ப்ரோக்ராம் எல்லாம் அந்த டெர்மினலோட பிள்ளைகள். லைன் கட்டாச்சுன்னா சர்வர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்க்கும். பதில் வரலைன்னா ‘ஆளு போயிட்டார்’னு முடிவு பண்ணி டெர்மினலை மூடும். மூடும்போது உள்ளே இருக்கிற ப்ரோக்ராமுக்கு ‘சிக்ஹப்’னு ஒரு சிக்னல் போகும். அந்தக் காலத்துல டெலிபோன் ரிசீவரை வைக்கறதுக்கு ‘ஹேங் அப்’னு சொல்வாங்களே, அந்த ‘ஹப்’தான் இது. சிக்னல் வந்ததும் ப்ரோக்ராம் சமர்த்தா செத்துப்போகும். யார் மேலயும் தப்பில்ல. லினக்ஸோட வழக்கமே அப்படி.

இதுக்கு மருந்து கண்டுபிடிச்சு ரொம்ப வருஷம் ஆச்சு. 1987-ல ஜெர்மனியில பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல ஆலிவர் லாமன், கார்ஸ்டன் போர்மன்னு ரெண்டு பேர் ‘ஸ்கிரீன்’னு ஒரு ப்ரோக்ராம் எழுதினாங்க. அப்புறம் 2007-ல நிக்கோலஸ் மாரியட் அதே வேலைக்கு ‘டீமக்ஸ்’னு புதுசா ஒண்ணு எழுதினார். 2009-ல அதை ஓப்பன் பி.எஸ்.டி. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளேயே சேர்த்துட்டாங்க. ரெண்டுமே இலவசம், ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ். நாம இன்னிக்கு டீமக்ஸைப் பிடிச்சுக்குவோம்.

இது என்ன பண்ணுது? சர்வர்லயே தனியா உட்கார்ந்துகிட்டு உங்க ப்ரோக்ராமுக்குச் சொந்தமா ஒரு டெர்மினல் கொடுக்குது. நீங்க வெளியில இருந்து வந்து எட்டிப் பார்க்கறீங்க, அவ்வளவுதான். உங்க லைன் போனா எட்டிப் பார்க்கிற ஜன்னல்தான் மூடும். உள்ளே தறி ஓடிக்கிட்டே இருக்கும்.

அஞ்சு நிமிஷத்துல கத்துக்கலாம்

கட்டளைகளை எல்லாம் ஃபோன்ல ஃப்ரெண்டுக்குச் சொல்ற மாதிரி உச்சரிப்பாவே எழுதறேன். அடிக்கும்போது இங்கிலீஷ்ல அடிங்க. டீமக்ஸ்னா டி, எம், யூ, எக்ஸ். எல்லாமே சின்ன எழுத்து.

முதல்ல சர்வருக்குள்ள போங்க. டீமக்ஸ் ஓட வேண்டியது அங்கேதான், உங்க லேப்டாப்புல இல்ல. நிறைய பேர் சறுக்கற இடமே இதுதான். லேப்டாப்புல டீமக்ஸைத் திறந்துட்டு, அதுக்குள்ள இருந்து சர்வருக்குப் போனா லைன் கட்டாகும்போது பழைய கதைதான்.

உள்ளே போனதும் ‘டீமக்ஸ் நியூ -எஸ் ப்ராஜெக்ட்’னு அடிங்க. ‘ப்ராஜெக்ட்’ங்கறது நீங்க வெக்கற பேரு. கீழே பச்சையா ஒரு பட்டை வரும். வந்தாச்சுன்னா நீங்க உள்ளே இருக்கீங்க. இனி ப்ரோக்ராமை வழக்கம்போல ஓட விடுங்க.

வெளியே வரணுமா? கன்ட்ரோலும் ‘பி’யும் சேர்த்து அழுத்தி, கையை எடுத்துட்டு, ‘டி’யை மட்டும் தட்டுங்க. ஜன்னல் மூடிக்கும், வேலை ஓடும். திரும்பி வரும்போது ‘டீமக்ஸ் அட்டாச் -டி ப்ராஜெக்ட்’. இங்கே வர்ற ‘டி’, டார்கெட்டுக்கு முதல் எழுத்து. இங்கிலீஷ்ல டீக்கு வர்ற எழுத்து. வெளியே வர அழுத்தினது ‘டிடாச்’ங்கறதோட முதல் எழுத்து. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. என்னென்ன ஓடுதுன்னு பார்க்க ‘டீமக்ஸ் எல்எஸ்’.

கன்ட்ரோல்-பிதான் கதவுமணி. அதை அடிச்சதும் டீமக்ஸ் உங்க பக்கம் திரும்பி ‘சொல்லுங்க’ங்கும். அடுத்து சதவிகிதக் குறி போட்டா ஸ்கிரீன் இடம், வலமா ரெண்டாப் பிரியும். டபுள் கோட்ஸ் போட்டா மேலே கீழேன்னு பிரியும். ‘சி’ போட்டா புது ஜன்னல். ஒரு பக்கம் ப்ரோக்ராம், இன்னொரு பக்கம் மெமரி எவ்வளவு தின்னுதுன்னு பார்க்கலாம். கெத்தா இருக்கும்!

டீமக்ஸை மறந்துட்டு ஏற்கனவே வேலையை ஆரம்பிச்சாச்சா? கன்ட்ரோல்-இஸட் போட்டு நிறுத்துங்க. ‘பிஜி’ அடிங்க. அப்புறம் ‘டிஸ்ஓன் -ஹெச்’. லைன் போனாலும் அந்தச் சாவு சிக்னல் வராது. ஆனா இது ஆபத்துக்குப் பாவமில்லைங்கற ரகம். ஸ்கிரீன்ல எதையாவது எழுதிக்கிட்டே இருக்கிற ப்ரோக்ராம்னா, எழுத இடம் இல்லாம அப்பவும் சாகலாம்.

அடம் பிடிச்சா என்ன பண்றது?

முதல் நாள் எல்லாம் நல்லாத்தான் போகும். ரெண்டாவது நாள்தான் சேட்டை ஆரம்பிக்கும். வழக்கமா வர்ற தொல்லைகளும் வைத்தியமும் இதோ.

திரும்பி வந்தா ‘நோ சர்வர் ரன்னிங்’ங்குது: ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, சர்வரே ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். அப்படின்னா போனது போனதுதான். ‘அப்டைம்’னு அடிச்சா மிஷின் எவ்வளவு நேரமா ஓடுதுன்னு தெரிஞ்சுடும். இன்னொண்ணு, டீமக்ஸ் உயிரோட இருக்கும். ஆனா டெம்ப் ஃபோல்டர்ல அது வெச்சிருக்கிற சாக்கெட் ஃபைலை யாரோ சுத்தம் பண்ணியிருப்பாங்க. வீடு இருக்கு, வாசற்படியைக் காணோம்! ‘பிகில் -யூஎஸ்ஆர்1 டீமக்ஸ்’னு அடிங்க. கில்னு இருக்கேன்னு பயப்படாதீங்க, கொல்லாது. டீமக்ஸ் வாசற்படியைத் திரும்பக் கட்டிக்கும்.

லாக்-அவுட் ஆனதுமே எல்லாம் செத்துப்போகுது: இது வேற விவகாரம். 2016-ல சிஸ்டம்டியோட 230-வது பதிப்பு வந்தப்போ, ஆளு வெளியே போனா அவரோட ப்ரோக்ராம் எல்லாத்தையும் முடிச்சுடணும்னு புது வழக்கம் கொண்டுவந்தாங்க. பெரிய சண்டையே நடந்தது. டெபியன் மாதிரி சில லினக்ஸ்கள் அதை அணைச்சு வெச்சிருக்கு. உங்க சர்வர்ல அது ஆன்ல இருந்தா ‘லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்’னு ஒரு தடவை அடிச்சுட்டு, அப்புறம் டீமக்ஸை ‘சிஸ்டம்டி-ரன் --ஸ்கோப் --யூசர் டீமக்ஸ்’னு ஆரம்பிங்க. அனுமதி இல்லைன்னு சொன்னா லேப்ல இருக்கிற அட்மின் சாரைப் பிடிங்க.

ஸ்கிரீன் ஓரமா புள்ளி புள்ளியாத் தெரியுது: ஃபோன்ல இருந்து எட்டிப் பார்த்துட்டு அப்படியே விட்டுட்டீங்க, சரியா? அதே செஷனை லேப்டாப்புலயும் திறந்தா, பழைய பதிப்புகள்ல சின்ன ஸ்கிரீன் அளவுக்கு எல்லாம் சுருங்கி மிச்ச இடம் புள்ளியா நிக்கும். ‘அட்டாச்’ பக்கத்துல டிடாச்சோட ‘-டி’யையும் சேர்த்துக்கோங்க. மத்த ஜன்னலை எல்லாம் மூடிட்டு உங்களுக்கு மட்டும் திறக்கும்.

கீபோர்டு செத்துப்போச்சு, எதை அடிச்சாலும் வரல: கை தவறி கன்ட்ரோல்-எஸ் அழுத்தியிருப்பீங்க. ஃபைலை சேவ் பண்ற பழக்கதோஷம்! டெர்மினல்ல அதுக்கு ‘நிறுத்து’ன்னு அர்த்தம். கன்ட்ரோல்-க்யூ தட்டுங்க, உயிர் வந்துடும். இதுக்குப் பயந்து ஜன்னலையே மூடினவங்க நிறைய பேர்.

தமிழ் எழுத்து எல்லாம் அண்டர்ஸ்கோரா மாறிடுச்சு: டீமக்ஸுக்கு உங்க டெர்மினல் யூனிகோட் தெரிஞ்சதுன்னு யாரும் சொல்லல. ‘லொகேல்’னு அடிச்சுப் பாருங்க. வெறும் ‘சி’ன்னோ ‘போசிக்ஸ்’னோ வந்தா அதுதான் வில்லன். ‘எக்ஸ்போர்ட் லாங்=சி.யுடிஎஃப்-8’னு போட்டுட்டுத் திறங்க. எக்ஸ்போர்ட்டுக்கு அடுத்து வர்ற லாங் பெரிய எழுத்துல இருக்கணும். அவசரத்துக்கு ‘டீமக்ஸ் -யூ அட்டாச்’னும் போகலாம்.

ஆனா ஒரு உண்மையை மறைக்காம சொல்லிடறேன். டெர்மினல்ங்கறது கணக்கு நோட்டு மாதிரி கட்டம் போட்டது. ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம்னு பழகினது. நம்ம ‘கொ’வுக்கு முன்னாடி ஒரு கொம்பு, பின்னாடி ஒரு கால். அது ஒரு கட்டமா, ரெண்டா, மூணான்னு டீமக்ஸ் ஒரு கணக்குப் போடும், உங்க டெர்மினல் வேற கணக்குப் போடும். அதனால கர்சர் ரெண்டு இடம் தள்ளி நிக்கும், பழைய எழுத்து அழியாம ஒட்டிக்கிட்டு இருக்கும். கன்ட்ரோல்-பி அடிச்சு ‘ஆர்’ தட்டினா ஸ்கிரீனைத் திரும்ப வரையும். முழு நிவாரணம் இல்ல. நீளமா தமிழ் டைப் பண்ற வேலையை வேற எடிட்டர்ல வெச்சுக்கறது புத்திசாலித்தனம்.

கலர் எல்லாம் மங்கிப்போச்சு: செட்டிங்ஸ் ஃபைல்ல ‘செட் -ஜி டீஃபால்ட்-டெர்மினல் டீமக்ஸ்-256கலர்’னு சேருங்க. ரொம்பப் பழைய சர்வர்னா ‘ஸ்கிரீன்-256கலர்’. உங்க பாஷ்ஆர்சி ஃபைல்ல யாராவது டெர்ம்ங்கற வேரியபிளை எக்ஸ்டெர்ம்னு கட்டாயமா மாத்தி வெச்சிருந்தா அந்த வரியைத் தூக்குங்க. பாதிக் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்குது.

உங்க ஸ்டைல், உங்க டீமக்ஸ்

இப்போ அலங்காரம். ஹோம் ஃபோல்டர்ல ‘.டீமக்ஸ்.கான்ஃப்’னு ஒரு ஃபைல் உண்டாக்குங்க. முன்னாடி புள்ளி முக்கியம். உள்ளே வரிக்கு ஒரு கட்டளை.

‘செட் -ஜி மவுஸ் ஆன்’: மவுஸ் சக்கரத்தை உருட்டிப் பழசைப் படிக்கலாம், பிரிவுகளைக் கிளிக் பண்ணி மாறலாம். பழைய குறிப்புகள்ல ‘மோட்-மவுஸ்’னு ஒண்ணு இருக்கும். 2015-ல வந்த 2.1 பதிப்புலேயே அதை எடுத்தாச்சு. அதைக் காப்பி அடிச்சா எரர்தான் வரும்.

‘செட் -ஜி ஹிஸ்டரி-லிமிட் 20000’: சும்மா விட்டா 2000 வரிதான் ஞாபகம் வெச்சிருக்கும். ராத்திரி 2 மணிக்கு வந்த எரரைக் காலையில படிக்க அது பத்தாது. இது புதுசா திறக்கிற ஜன்னலுக்குத்தான் செல்லும், பழசுக்கு இல்ல.

‘செட் -எஸ்ஜி எஸ்கேப்-டைம் 10’: விம் எடிட்டர்ல எஸ்கேப் அழுத்தினா யோசிச்சு யோசிச்சு நகருதா? பழைய பதிப்புகள்ல டீமக்ஸ் அரை செகண்ட் காத்திருக்கும். இந்த வரி அந்தத் தூக்கத்தைக் கலைச்சுடும்.

‘செட் -ஜி பேஸ்-இண்டெக்ஸ் 1’: ஜன்னல் நம்பர் பூஜ்யத்துக்குப் பதிலா ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும். கீபோர்டுல பூஜ்யம் இருக்கிறது அந்தக் கோடி ஆச்சே!

எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னும் ஒண்ணு. சர்வர்ல இருக்கிற ஃபைல்ல மட்டும் ‘செட் -ஜி ஸ்டேட்டஸ்-ஸ்டைல் பிஜி=ரெட்’னு போடுங்க. லேப்டாப்புல பச்சை இருக்கட்டும். கீழே சிவப்புப் பட்டை தெரிஞ்சா ‘இது நம்ம வீடில்ல, பொதுச் சொத்து’ன்னு கை தானா நிதானமாகும். லேப்டாப்புல அழிக்க நினைச்ச ஃபோல்டரை சர்வர்ல அழிச்சுட்டு முழிச்சவன் சொல்றேன், கேட்டுக்கோங்க.

ஃபைலை மாத்திட்டு ‘ஒண்ணுமே மாறலையே’ன்னு புலம்பாதீங்க. டீமக்ஸ் அந்த ஃபைலை ஆரம்பத்துல ஒரு தடவைதான் படிக்கும். ‘டீமக்ஸ் சோர்ஸ்-ஃபைல்’னு போட்டு, பக்கத்துல ஃபைல் பேரையும் கொடுத்தா திரும்பப் படிக்கும். ஒரு வரியை அழிச்சுட்டுத் திரும்பப் படிக்க வெச்சா பழைய செட்டிங் போகாது. அதை மாத்த எதிர் வரி போடணும். சிலர் ‘டீமக்ஸ் கில்-சர்வர்’னு அடிச்சுட்டுப் புதுசா ஆரம்பிங்கன்னு சொல்வாங்க. ஐயோ, வேலை ஓடும்போது அதைத் தொடவே தொடாதீங்க! உள்ளே இருக்கிற அத்தனையும் காலி.

கோளாறு டீமக்ஸ்லயா, நம்ம கைவேலையிலயான்னு சந்தேகம் வந்தா ‘டீமக்ஸ் -எல் டெஸ்ட் -எஃப் /டெவ்/நல் நியூ’. இந்த ‘எல்’ மட்டும் பெரிய எழுத்து. ஓடுற வேலையைத் தொடாம, எந்த செட்டிங்கும் இல்லாத சுத்தமான டீமக்ஸ் தனியா திறக்கும். அதுல பிரச்னை இல்லைன்னா குற்றவாளி உங்க ஃபைல்தான். ஒவ்வொரு வரியா சேர்த்துப் பாருங்க, மாட்டிக்குவான்.

சரி, தம்பி என்ன ஆனான்?

ஞாயித்துக்கிழமை சாயந்திரம் 6 மணிக்குத் திரும்ப ஆரம்பிச்சோம், இந்தத் தடவை டீமக்ஸுக்குள்ள. கூடவே அவன் ப்ரோக்ராம்ல ஒரு மாற்றம்: அரை மணிக்கு ஒரு தடவை, அதுவரைக்கும் கத்துக்கிட்டதை ஃபைல்ல எழுதி வெக்கணும். ஏன்னா டீமக்ஸ் காப்பாத்தறது உங்க லைன் போனாத்தான். சர்வருக்கே கரண்ட் போச்சுன்னா டீமக்ஸும் சேர்ந்துதான் போகும். தறி நிக்கற வீடே இடிஞ்சா பாவு எங்கே நிக்கும்? அதனால ரெண்டு பாதுகாப்பும் வேணும். ஒண்ணை மட்டும் நம்பாதீங்க.

அன்னிக்கு ராத்திரி லைன் ரெண்டு தடவை போச்சு. தம்பி ரெண்டு தடவையும் எழுந்து உட்கார்ந்தான். ரெண்டாவது தடவை நான் திட்டித் தூங்க வெச்சேன். காலையில 6 மணிக்கு நடுங்கிக்கிட்டே ‘அட்டாச்’ அடிச்சான். கடைசி வரி வரைக்கும் ஓடி முடிஞ்சு, ‘ஃபினிஷ்ட்’னு போட்டு, சமர்த்தா காத்துக்கிட்டு இருந்தது. அம்மா காபி கொண்டுவந்தாங்க. சூடா குடிச்சான்.

வேலூர் பஸ்ல ஏறினதும் ஃபோன்ல இன்னொரு தடவை எட்டிப் பார்த்தான். அது முடிஞ்சு ஒரு மணி நேரமாச்சுடான்னேன். “தெரியும்ணா, சும்மா பார்க்கறேன்”னான். ரிவ்யூல கேள்வி மேல கேள்வி கேட்டு வறுத்தெடுத்தாங்களாம். பரவாயில்ல. ரிசல்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு வறுபடறது வேற, வெறுங்கையோட நிக்கறது வேற!

மலையோரத்துல இருந்து படிக்கிற பசங்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல மிஷின் வேலூர்லயோ சென்னையிலயோ இருக்கும், நம்ம கையில இருக்கறது விட்டு விட்டு வர்ற லைன்தான். லைன் மாறுற வரைக்கும் காத்திருக்க வேணாம். நாம வேலை செய்யற விதத்தை மாத்திக்கிட்டாலே போதும்.

இந்த வார வீட்டுப்பாடம்: டீமக்ஸைத் திறங்க, ‘பிங்’ ஒண்ணை ஓட விடுங்க, வேணும்னே மோடத்தை அணைங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணி ‘அட்டாச்’ போட்டுப் பாருங்க. எண்ணிக்கை நிக்காம ஏறிக்கிட்டே இருக்கும். பார்த்துட்டு வீட்டுல யாராவது ‘ஏன்டா தனியா சிரிக்கறே’ன்னு கேட்டா நான் பொறுப்பில்ல.

அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரைக்கும், லைன் போனா போகட்டும், பாவு அறுந்துடக் கூடாது. டாட்டா!